ஆதனமும் அளவும்

மக்கட்பிறவியிற் கிடைத்த உடம்பு உயிர்க்கு எத்தகைய துணை என்னும் வினா மிகப் பழமையானது. அதற்கு இக்காலத்தார் கூறும் விடை பெரும்பாலும் இருவகைப்படும். உடம்பு மாயையின் காரியம், அழியுந் தன்மையது. ஆதலின் அதனை ஓம்புதல் வீண் என்பார் ஒருசாரார். உடம்பின் வலிவும் வனப்புமே வாழ்வின் பயன்; யோகம் என்பது அவற்றைத் தரும் ஓர் உடற்பயிற்சியே என்பார் மற்றொருசாரார். முன்னையோர் யோகத்தின் வாயிலை அடைக்கின்றனர். பின்னையோர் வாயிலையே வீடெனக் கருதி அங்கேயே நின்றுவிடுகின்றனர். இவ்விரு பிழையும் நீங்க, யோகத்தில் உடற்பயிற்சி பெற்ற இடம் எவ்வாறு வளர்ந்து வந்தது, அதனைத் தீங்கின்றி இன்பமாகப் பயிலுதற்கு முன்னோர் வகுத்த எல்லை யாது என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குதல் நலம்.

வடமொழியில் யோகத்தை முறைப்படுத்தி ஓதிய நூல்களுள் தலைமை பெற்றது பதஞ்சலியின் யோக சூத்திரம். அது நான்கு பாதங்களாக அமைந்து 195 சூத்திரங்கள் உடையது. சில பதிப்புக்களில் 196 எனவும் காணப்படும். எட்டுறுப்புக்களுள் மூன்றாவதாகிய ஆதனத்துக்கு அந்நூல் அளித்த சூத்திரங்கள் மூன்றே. அம்மூன்றனுள் ஓர் ஆதனத்தின் பெயரேனும் இல்லை. பதுமம், வீரம் முதலிய பெயர்களை வியாசர் பெயரால் வழங்கும் உரையே தருகின்றது. சூத்திரகாரர் கூறியதோ ஆதனத்தின் இலக்கணம் மாத்திரமே. நிலைபெற்றிருத்தலும் சுகமாயிருத்தலும் என்னும் இரண்டும் ஒருங்கு கூடியதே ஆதனம் என்பது அவர் கருத்து. முயற்சியின் இறுக்கம் தளர்தலானும் மனம் எல்லையற்ற பொருளிற் படிதலானும் அது கைகூடும் என்றும், அது கைகூடியவழி வெப்பம் தட்பம் முதலிய இரட்டைகள் தாக்கா என்றும் அவர் மேலும் விளக்கினார்.

இவ்விலக்கணத்தை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். சுகம் என்பது ஆதனத்தினால் பின்னர் விளையும் பயனாக மட்டும் ஈண்டு ஓதப்படவில்லை; ஆதனத்தின் இலக்கணத்துள்ளேயே அது வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, பல்லைக் கடித்து வலியைப் பொறுத்து நிற்கும் நிலை பார்ப்பார்க்கு எத்துணை வியப்பு விளைப்பினும், இலக்கண வகையால் அது ஆதனமாகாது. இன்பமாகப் பயிலுதலும் தீங்கின்றிப் பயிலுதலும் இக்காலத்தார் புதிதாகச் சேர்த்த சலுகைகள் அல்ல; யோகத்தின் தொடக்க நூலிலேயே வேரூன்றிய விதிகளாம்.

இனித் தமிழில் இந்நெறியை விரித்தோதிய பெருநூல் திருமூல நாயனார் அருளிய திருமந்திரம். நாயனார் கயிலையினின்றும் பொதியமலை நோக்கி வருங்கால், திருவாவடுதுறைக்கு அணித்தாகிய சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்னும் ஆயனுடம்பிற் புகுந்து, அதனைச் சூழ்ந்து கதறிய ஆனிரையின் துயர் தீர்த்தனர் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. தம் முன்னையுடம்பு மறைந்தது கண்டு, பெற்ற அவ்வுடம்போடே திருவாவடுதுறையில் அரசமரத்தின்கீழ் யோகிருந்து நூல் செய்தனர் என்பர். பிறிதோர் உயிர் விட்டுச்சென்ற உடம்பையும் இறைபணிக்குக் கருவியாக்கிக்கொண்ட ஒருவர் உடம்பின் அருமையை ஓதியது மிகவும் பொருந்துவதேயாகும்.

ஒன்பது தந்திரங்களாகிய அந்நூலின் மூன்றாந் தந்திரம் யோகத்துக்கு உரியது. இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டும் அதன்கண் முறையே விளக்கப்படுகின்றன. அம்முறைவைப்புக் கருதற்பாலது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பகுத்துண்டல், கள்ளும் காமமும் ஒழித்தல் முதலியன முன்வைக்கப்பட்டு, அவற்றின் பின்னரே காலை மடக்கியிருக்கும் முறை ஓதப்படுகின்றது. நாவையும் வயிற்றையும் அடக்காதவன் மூச்சை அடக்க முயலுதல் அடிப்படையின்றி மாடம் எடுப்பதை ஒக்கும். ஆதனங்களைக் கூறுமிடத்தும், பங்கயம், பத்திரம், வீரம் முதலியவற்றொடு சுகாதனத்தையும் சிறந்தவற்றுள் ஒன்றாக நாயனார் எண்ணியது, பதஞ்சலியார் கூறிய இலக்கணத்தோடு ஒத்து நிற்றல் காண்க.

அத்தந்திரத்துள்ளேயே காயசித்தி உபாயம் என்னும் பகுதியும் அமைந்துள்ளது. ஒருகாலத்தில் உடம்பை இழிந்ததெனக் கருதியிருந்து, பின்னர் அதனுள்ளே உறுபொருளாகிய இறைவன் கோயில்கொண்டமை உணர்ந்து, அதனைப் பேணலாயினமையை நாயனார் அங்கே வெளியிடுகின்றனர். உடம்பு கெடின் மெய்யுணர்வு பெறும் வாயிலும் கெடும் என்பதே அவர் காட்டும் காரணம். உடம்பை இகழ்வார்க்கும் உடம்பையே இறுதிப்பயனாகக் கொள்வார்க்கும் ஒருங்கே விடையிறுப்பது அப்பகுதி. கோயிலைத் துப்புரவாக வைத்தல் வேண்டும். ஆயினும் அது கோயிலிலுள்ள இறைவனைத் தொழுதற்பொருட்டேயாம்.

சைவசித்தாந்த மரபிலும் யோகத்தின் இடம் இவ்வாறே வரையறுக்கப்பட்டது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களுள் யோகம் மூன்றாவது. அது சகமார்க்கம் எனவும், சாரூபம் அதன் பயன் எனவும், சுந்தரமூர்த்தி நாயனார் அதற்கு எடுத்துக்காட்டாவர் எனவும் சான்றோர் வழங்குவர். சகமார்க்கம் என்பது தோழமை நெறி. தோழமைக்கு வன்முறை பகையாதல் எல்லாரும் அறிந்ததே. உடம்பை அடிமையைப்போல் வருத்தியும் பகைவனைப்போல் ஒறுத்தும் அந்நெறியிற் செல்லுதல் பொருந்துமாறில்லை.

உடற்பயிற்சிப் பகுதி விரிவுபெற்றது அடயோக நூல்களிலே. 15-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சுவாத்துமாராமரின் அடயோகப் பிரதீபிகை 15 ஆதனங்களை விளக்குகின்றது. அவற்றுள் சித்தம், பதுமம், சிங்கம், பத்திரம் என்னும் நான்கையே தலைமையாக எடுத்தோதுகின்றது. அதன் பின்னர்த் தோன்றிய கேரண்ட சங்கிதை 32 ஆதனங்களைக் கூறுகின்றது. இந்நூல்கள் ஆதனங்களைப் பெருக்கினவெனினும், எச்சரிக்கைகளையும் உடன்வைத்தன. மிகையுணவும் மிகையுழைப்பும் யோகத்தைக் கெடுப்பன என்பதும், வயிற்றில் நாலிலொரு பங்கை வெறுமையாக விட்டு உண்ணல்வேண்டும் என்பதும் பிரதீபிகையின் விதிகள். சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவோன் சிறிது சிறிதாகப் பழக்குதல்போல மூச்சையும் பழக்குதல்வேண்டும் என்றும், முறைதவறின் அது பழக்குவோனையே கொல்லும் என்றும் அந்நூல் அச்சுறுத்துகின்றது. தவறான மூச்சடக்கத்தால் விக்கல், இருமல், இரைப்பு, தலைநோவு, செவிநோவு, கண்ணோவு முதலியன வரும் என நோய்களையும் பெயர்சுட்டி எண்ணுகின்றது. கேரண்ட சங்கிதையோ, பயிற்சி தொடங்குதற்கு இளவேனிலும் கூதிர்ப் பருவமுமே ஏற்றன என்று காலத்தையும் வரையறுத்தது. தம் நெறியைப் போற்றிய ஆசிரியர்களே அதன் இடர்களையும் மறைக்காது எழுதிவைத்தமை அவர்தம் நேர்மைக்குச் சான்றாம்.

மூச்சுப் பயிற்சியின் அருமையைத் திருமந்திரத்தின் கணக்கினாலும் அறியலாம். பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 என மாத்திரைகளை நாயனார் வகுத்தனர். இவற்றின் தொகை 112. ஒரு மாத்திரையை ஒரு விநாடியெனக் கொள்ளினும், ஒரு முறைக்கே ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். அதனுள் 64 விநாடி மூச்சை உள்ளே நிறுத்தல் வேண்டும். இது பழகி முதிர்ந்தார்க்கு உரிய எல்லையன்றித் தொடங்குவார்க்கு உரிய அளவன்று. நூலிற் கண்ட அளவை நூலளவாகவே எடுத்து, வழிகாட்டுவாரின்றி அன்றே முயல்வோர் நூலை அறிந்தாரல்லர்.

இனி அண்மைக்காலத்து வரலாறு. மைசூர் மன்னர் மும்மடி கிருட்டிணராச உடையார் காலத்துத் தொகுக்கப்பட்ட ஸ்ரீதத்துவநிதியில் 122 ஆதனங்கள் ஓவியத்தோடு காட்டப்பெற்றன. 1918-இல் யோகேந்திரர் பம்பாயில் யோக நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1924-இல் குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோக மீமாம்சை என்னும் இதழும் நடத்தி, யோகப் பயிற்சியின்போது உடலினுள் நிகழும் மாறுதல்களை எக்ஸ்ரே முதலிய கருவிகளால் அளந்து ஆராய்ந்தார். 1933-இல் நால்வடி கிருட்டிணராச உடையாரின் ஆதரவில் மைசூர் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தத் தொடங்கினார். பின்னர் 1952-இல் சென்னைக்கு வந்து, 1989-இல் மறையுமளவும் கற்பித்தார். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையிற் பிறந்து, மலாயாவில் மருத்துவராயிருந்து, இருடிகேசத்திற் றுறவு பூண்ட சிவானந்தர் 1936-இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவி யோகத்தைப் பொதுமக்களிடையே பரப்பினார். கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவராகிய பி. கே. எஸ். ஐயங்கார் 1966-இல் வெளியிட்ட நூலில் ஆதனங்கள் 200 அளவுக்குப் பெருகின. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 11-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை சூன் 21-ஐ அனைத்துலக யோகநாளாக ஏற்க, 2015 முதல் அது கொண்டாடப்பட்டு வருகின்றது.

பெயரொன்றும் சுட்டாத மூன்று சூத்திரங்கள் இவ்வாறு இருநூறு ஆதனங்களாக விரிந்தன. இவ்விரிவை முற்றும் பழித்தல் முறையன்று. ஐயங்கார் மரக்கட்டை, வார், போர்வை முதலிய துணைப்பொருள்களைக் கொண்டு, மூத்தோரும் நோயுற்றோரும் தம் உடற்கேற்பப் பயிலுமாறு செய்தனர். கிருஷ்ணமாச்சாரியார் மரபினர் ஒவ்வொருவரின் வயதும் வலிமையும் நோக்கிப் பயிற்சியை வேறுபடுத்தினர். ஆசிரியன் மாணாக்கனை நோக்கிக் கற்பிக்கும் பழைய முறையே இவ்வாறு புத்துருக்கொண்டது. ஆயினும், கூட்டமாக நின்று ஒருவரையொருவர் வெல்ல முயல்வதும், படத்திற் கண்ட நிலையை அன்றே எய்த விழைவதும் இவ்விரிவோடு உடன்வந்த தீமைகளாம்.

அத்தீமை எவ்வாறு விளைகின்றது என்பதை ஒரு சான்றால் அறியலாம். பதுமாதனத்தில் தொடை வெளிப்புறம் திரும்புதற்கு இடுப்புமூட்டே இடங்கொடுத்தல் வேண்டும். அம்மூட்டு இறுகியவன் கையாற் காலை இழுத்து மேலேற்றுவானாயின், அவ்விசை முழுதும் முழங்காலிற் சென்று தாக்கும். முழங்காலோ முன்பின் மடங்குதற்கு அமைந்ததன்றி, இவ்வாறு முறுக்குதற்கு அமைந்ததன்று. அவ்வாறே தலைகீழாய் நிற்குங்கால் கழுத்தெலும்புகள் உடற்சுமையைத் தாங்கநேர்வதோடு, கண்ணினுள் அழுத்தமும் மிகுகின்றது. ஆதலின் கண்ணழுத்த நோயுடையார், மிகுந்த குருதியழுத்தமுடையார், கழுத்துநோயுடையார் அதனை ஒழித்தல் நலம். இதயநோயுடையாரும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேட்டும், அறிந்த ஆசிரியரிடம் நேரிற் பயின்றுமே எதனையும் மேற்கொள்ளற்பாலர். அன்னோர்க்கு விரைந்து மூச்செறியும் பயிற்சிகளும் நெடிது மூச்சடக்குதலும் ஏற்புடையன அல்ல.

மேற்கூறியவற்றால், நாள்தோறும் பயில்வார்க்குரிய முறை தானே பெறப்படும். உணவு செரித்து வயிறு இலேசாயிருக்கும் வேளையில், காற்றோட்டமுள்ள இடத்தில், எளிய அசைவுகளால் உடம்பைத் தளர்த்திக்கொண்டு தொடங்கல் வேண்டும். ஓர் ஆதனத்தில் மூச்சு இயல்பாக ஓடுமளவே அவன் எல்லை. மூச்சுத் தடுமாறுமிடத்து ஒருபடி இறங்கல் வேண்டும். தசை நீளும் உணர்ச்சி வேறு. மூட்டிற் குத்தும் வலி வேறு. பின்னது தோன்றின் உடனே நிறுத்துதல் கடன். இறுதியிற் சவாதனத்திற் கிடந்து இளைப்பாறுதல் வேண்டும். அது களைப்பை நீக்கி மனத்துக்கு ஓய்வு தரும் எனப் பிரதீபிகையும் கூறும். நாள்தோறும் சிறிதுநேரம் விடாது பயில்வது, என்றோ ஒருநாள் நெடும்பொழுது வருந்துவதினும் மேலாகும். தரையில் அமர இயலாத முதியோர் நாற்காலியில் முதுகு நிமிர்ந்து அமரினும் தவறில்லை. நிலைத்தலும் சுகமும் அங்கே உளவாயின் ஆதன இலக்கணம் அங்கும் நிரம்பியதேயாம்.

வீடுபேற்றுக்கு வகுத்த நெறியை உடல்நலத்துக்குப் பயன்படுத்துதல் அதனைத் தாழ்த்துவதாகாதோ எனின், ஆகாது. திருமூல நாயனார் உடம்பை வளர்த்தல் உயிரை வளர்த்தற்பொருட்டே எனக் கொண்டனர். நோயின்றி அமர்ந்து ஒருநாழிகை வழிபட வல்லவன் உடம்பினால் பெற்ற பயனே பெற்றான். தாழ்வு வருவது நலத்தை நாடுதலால் அன்று. நலத்தை நாடி அங்கேயே அமைந்துவிடுதலால். அவ்வாறே, யோகத்தில் உயர்வு வருவதும் அரிய ஆதனங்களை எண்ணிக்கையாற் பெருக்குதலால் அன்று; எளியதொன்றிலேனும் இறுக்கம் நீங்கி இனிதிருத்தலால். அளவறிந்து பயில்வார்க்கு ஆதனம் இன்பமாகும். அவ்வின்பத்தில் அமைதி பிறக்கும். அவ்வமைதியில் நெஞ்சம் சிவத்தை நினைக்கும். முன்னோர் மூன்று சூத்திரத்திலும் மூன்றாந் தந்திரத்திலும் வைத்துச்சென்ற செல்வம் இதுவே என்க.