களஞ்சியமும் கஞ்சிப் பானையும்

விளைச்சல் பெருகினால் பசி ஒழியும் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். பிரசங்க மேடைகளிலும் கேட்டோம். அஃது உண்மையில் ஒரு பாதியே. நாட்டின் களஞ்சியம் நிறைந்திருக்கும்போதே, அதற்கு நெல் அறுத்துக் கொடுத்தவளின் கஞ்சிப் பானை காலியாய்க் கிடத்தலும் கூடும் என்பது மற்றப் பாதி. இதனை அறிய நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. கெடா மாநிலத்து வயல்வெளியில் நடந்த சரித்திரமே போதும்.

கெடாவிலும் பெர்லிஸிலும் பரந்து கிடக்கும் மூடாச் சமவெளி ஏறத்தாழ 96,000 ஹெக்டர் வயல் கொண்டது. மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே விளைந்த பூமி அது. 1965-ஆம் ஆண்டில் உலக வங்கி அப்பகுதியின் நீர்ப்பாசனத்திற்கென மலேசிய அரசாங்கத்துக்கு 4½ கோடி அமெரிக்க டாலர் கடன் கொடுத்தது. மூடா, பெடு என்னும் இரண்டு அணைகள் எழுந்தன, கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1970 முதல் இரண்டாம் போகத்திற்கும் நீர் பாய்ந்தது. நெல் பெருகிற்று, உழவர் வருமானமும் உயர்ந்தது. நிலமற்ற ஏழைக்கும் அதனால் நன்மை விளைந்தது என்பதை மறைத்தல் நியாயமன்று. நடவும் அறுவடையும் ஆண்டுக்கு இருமுறை வந்தமையால் கூலி வேலையும் மிகுந்தது. கிளந்தானிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும்கூட அறுவடைக்கு ஆட்கள் வந்தனர்.

ஆனால் அந்த நற்காலம் நீடிக்கவில்லை. 1975-இல் மூடாவின் நெல் அநேகமாக முழுவதும் மனிதர் கையால் அறுக்கப்பட்டு, கையாலேயே அடிக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், அதாவது 1980-இல், ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு நெல்லை அறுவடை இயந்திரங்கள் அறுத்தன. ஓர் இயந்திரத்தின் விலை ஏறக்குறைய 2 லட்சம் வெள்ளி. அவற்றை வாங்கி ஓட்டியவர்கள் முதலுடைய வியாபாரக் கூட்டத்தார். ஒரு போகம் முடிந்ததும் அடுத்த போகத்திற்கு நிலத்தைத் தயார் செய்ய வேண்டிய அவசரமும் இயந்திரத்துக்கே துணை நின்றது.

அக்காலத்தில், 1978 முதல் 1980 வரை, அவ்வயல்களின் நடுவே ஒரு சிற்றூரில் குடியிருந்து ஆராய்ந்தவர் ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அமெரிக்க அறிஞர். இயந்திரம் பறித்தது அறுவடைக் கூலியை மட்டுமன்று என்று அவர் 1985-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கிச் சில வாரங்களுக்கு அரிசி தேடிக்கொண்ட ஏழைப் பெண்களுக்கு அதுவும் அற்றுப்போயிற்று. இயந்திரம் வைத்து அறுப்போர் வயலில் நாற்று நடோம் என்று பெண்கள் கூட்டாக நின்று பார்த்தனர். வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவரக் கூடுமாதலால் அந்த மறுப்பும் வெற்றி பெறவில்லை. போதாக்குறைக்கு, பூச்சி மருந்து பெருகவே, வயல் நீரில் காசின்றிக் கிடைத்து வந்த மீனும் குறைந்தது.

இவ்வளவும் அவர்தம் தலைவிதி என்று சொல்வாருமுண்டு. விதி அன்று; கணக்கு. எத்தனை ஏக்கருக்கு நீர், எத்தனை டன் நெல், கடன் எப்போது அடையும் என்று கணக்கு வகுத்தார்கள். அறுவடைக் கூலியும் பொறுக்கிய கதிரும் எவருடைய வீட்டுச் சோறு என்ற கேள்விக்கு அக்கணக்கில் இடம் இல்லை. வங்கியைக் கேட்க வைக்கும் விதியும் அன்று இல்லை.

அத்தகைய காப்பு விதிகள் பின்னரே, பலருடைய துன்பத்தின் பயனாகப் பிறந்தன. அணைகளால் குடிபெயர்க்கப்படுவோர் பற்றி உலக வங்கி முதல் விதியை வகுத்தது 1980-இல். விதி மட்டும் போதாது என்பதை இந்தியாவின் நர்மதை நதி காட்டிற்று. அங்கே சர்தார் சரோவர் அணைத் திட்டத்திற்கு 1985-இல் வங்கி 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. பட்டா இன்றிக் காட்டு நிலத்தை உழுதோரின் உரிமை வழக்காயிற்று. கால்வாயால் நிலம் இழந்தோர் திட்டத்தால் பாதிக்கப்பட்டோர் என்றே கருதப்படவில்லை. மக்கள் கிளர்ச்சி ஓங்கவே, பிராட்போர்டு மோர்ஸ் தலைமையில் வங்கி ஒரு தனி ஆய்வுக்குழுவை அமைத்தது. வங்கி அத்திட்டத்தினின்று பின்வாங்கி யோசித்தலே தக்கது என்று 1992-இல் அக்குழு கூறிற்று. 1993 மார்ச்சில் இந்திய அரசாங்கம் எஞ்சிய கடனை வேண்டாமென்றது. அதே ஆண்டில், பாதிக்கப்பட்டோர் நேரே முறையிடுவதற்கென வங்கி ஓர் ஆய்வு மன்றத்தை நிறுவியது. இருவர் சேர்ந்தாலே அதன் வாயிலைத் தட்டலாம்.

2016-இல் வங்கி தன் விதிகளைப் பத்துத் தலைப்புகளாகத் திருத்தி, 2018 அக்டோபர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐந்தாம் தலைப்பு, திட்டத்திற்காக நிலம் எடுக்கப்படும்போது வீடு மட்டுமன்றி ஜீவனமும் போகுமாயின் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. பட்டா இல்லாதவரையும் அறவே தள்ளிவிடவில்லை. இஃது உண்மையான முன்னேற்றம். ஆயினும் மூடாவின் அறுவடைப் பெண்ணை இதன் முன் நிறுத்திப் பாருங்கள். அவள் நிலத்தை எவரும் எடுக்கவில்லை. அவளுக்கு நிலமே இல்லை. அவள் இழந்தது வேலை. நலிந்தோரை முன்னதாகவே கண்டறிய வேண்டும் என்னும் முதல் தலைப்பின் கீழ்தான் அவள் பெயர் வரக்கூடும். அதுவும் ஆராய வருகிறவர் அவள் வாசல்வரை நடந்தால் மாத்திரமே.

யான் தோட்டத்துக் கிராணி. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பது என் தொழில். குறி விழாத நாளுக்குக் கூலி இல்லை. பெயரே ஏறாதவன், நாள் முழுதும் காட்டில் நின்றாலும், கணக்குக்கு அவன் வந்தவனே அல்லன். பேரேட்டின் வல்லமை எத்தகையது என்பதை அதனால் நான் அறிவேன். வங்கியின் பேரேடும் அத்தகையதே. நல்ல விதியும், பெயர் ஏறாதவனுக்குச் சோறு போடாது.

அன்பர்களே, தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மில் பலர் நிலமின்றிக் கையுழைப்பால் உண்கிறவர்கள். மூடாவில் வேலை இழந்த மலாய்ப் பெண்ணின் கதை நமக்கு அந்நியமானதன்று. புதிய திட்டமோ புதிய இயந்திரமோ வருகையில் அதனை வெறுத்து ஒதுக்குதல் பேதைமை. ஆனால் “இது யார் நிலம்?” என்று கேட்டெழுத வருகிறவரிடம், “இந்நிலத்தால் யார் யார் உண்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்” என்று துணிந்து சொல்வோமாக. நம் பெயரையும் அயலான் பெயரையும் அதில் ஏற்றுவித்த பின்னரே கையெழுத்திடுவோமாக.