பட்டியலில் அடுத்த பெயர்

1935 மே 11, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், ஆக்ரன் நகரம். மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் நியூயார்க்கிலிருந்து வந்த பங்குச்சந்தைக்காரர் ஒருவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வந்த காரியம் தோற்றுப்போயிருந்தது. கையில் காசும் அதிகமில்லை. கூடத்தின் ஒரு பக்கம் பார். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும். மறுபக்கம் தொலைபேசி. பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல்.

குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்த பில் வில்சன் தொலைபேசிப் பக்கம் போனார்.

குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு, சுருக்கமாக ஏ.ஏ., நடத்தும் கூட்டங்களின் பட்டியல் இன்று உலகமெங்கும் புழங்குகிறது. அதன் முதல் பிறவி அந்தக் கண்ணாடிச் சட்டத்தில்தான் என்பேன். பில் தேடியது மருந்தையோ புத்திமதியையோ அல்ல, இன்னொரு குடிகாரரை. அந்த ஐந்து மாதத்தில் அவர் எத்தனையோ குடிகாரர்களிடம் போய்ப் பேசியிருந்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. ஆனால் பேசப்போனவர் குடிக்கவில்லை. இதை முதலில் எடுத்துச் சொன்னவர் அவர் மனைவி லோயிஸ்.

பட்டியலிலிருந்து ஒரு போதகரின் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கூப்பிட்டார். போதகர் பத்துப் பேர் வரை சொன்னார். அவர்களில் சிலர் வீட்டில் இல்லை, சிலருக்கு நேரமில்லை. இவர் விடாமல் அடுத்த எண்ணுக்குப் போனார். கடைசியில் ஹென்றியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியின் எண் கிடைத்தது. அவர் குடிப்பவர் அல்ல; ஆனால் குடியிலிருந்து மீள முடியாமல் தவித்த டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர். அன்றே வரச்சொல்லி டாக்டர் வீட்டுக்குப் போன் செய்தார். டாக்டரோ மறுநாள் அன்னையர் தினம் என்று மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டு, போதையில் மாடியில் விழுந்துகிடந்தார்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஹென்றியெட்டாவின் வீட்டுக்கு வந்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்பது அவர் நிபந்தனை. பில்லுடன் பேசி எழுந்தபோது இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. குடி உடனே நிற்கவில்லை; ஆனால் அந்த ஆண்டு ஜூன் 10-க்குப் பிறகு டாக்டர் பாப் குடிக்கவில்லை. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

1939-இல் அவர்கள் கொண்டுவந்த புத்தகத்தில் நியூயார்க் தபால் பெட்டி ஒன்றின் எண் இருந்தது. அதற்கு வந்த கடிதங்களிலிருந்து அடுத்த பட்டியல் முளைத்தது. அந்தந்த ஊரில் உதவி கேட்டு எழுதியவர்களின் பெயர்களை, வேலையாக ஊர் ஊராகப் போகும் உறுப்பினர்களிடம் எழுதிக் கொடுத்தனுப்பினார்கள். ஜன்னல் மறைப்புகள் விற்கத் தெற்கே போன ஒருவர், சரக்கு விற்ற கையோடு அந்தப் பெயர்களைத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஆள் அவர்தான். 1941 மார்ச்சில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் ஜாக் அலெக்சாண்டரின் கட்டுரை வந்தது. அந்த ஒரே வருடத்தில் இரண்டாயிரம் பேர் எட்டாயிரமானார்கள். இனிச் சட்டைப்பையில் கொண்டுபோகும் பெயர்ப்பட்டியல் போதாது.

அதன்பின் மடிப்பு மடிப்பான அச்சுத்தாள் வந்தது. இன்று கைபேசிச் செயலியாகவும் இருக்கிறது. 2020 ஊரடங்கில் ஜூம் இணைப்புகளும் சேர்ந்தன. வடிவம் எதுவானாலும் உள்ளே இருப்பது கிழமை, நேரம், இடம், கூட்டத்தின் வகை. ‘ஓபன் மீட்டிங்’ என்றால் யாரும் போகலாம். குடும்பத்தாரும் உட்கார்ந்து கேட்கலாம். ‘குளோஸ்டு’ என்றால் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். புதியவர்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் தனியாக உண்டு. ஆண்கள் நிறைந்த அறையில் வாய்திறக்க முடியாத ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம்! கட்டணம் கிடையாது. முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி.

தமிழ்நாட்டிலும் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. மதுக்கடைக்கு வழி நம் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இந்த அறைக்கு வழி தெரிந்தவர்கள் குறைவு. ஒருமுறை போய்விட்டு, “எனக்கு ஒத்துவரலைங்க” என்று திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. அது நியாயம்தான். ஓர் அறையில் எல்லாரும் வயதில் மூத்தவர்களாக இருக்கலாம், இன்னொன்றில் பிரார்த்தனை அதிகமாகத் தோன்றலாம், வேறொன்றில் தெரிந்த முகம் உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் பில் வில்சனுக்கே முதல் அழைப்பில் ஆள் கிடைக்கவில்லை. நீங்கள் குடியை விட நினைத்தால், நீண்ட நாள் அதிகம் குடித்தவர் என்றால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். திடீரென நிறுத்துவது உடம்புக்கு ஆபத்தாகலாம். அதன்பின் கூட்டத்துக்குப் போங்கள். அந்த அறை பிடிக்கவில்லையென்றால் வேறு கிழமையில், வேறு தெருவில், வேறு கூட்டம் இருக்கும். அதற்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.