தட்டில் வளர்ந்த தைராய்டு

பூவிதழ்களுக்கும் பழங்களுக்கும் நிறம் தரும் தாவர வேதிப்பொருள்களில் ஒரு பெருங்குடும்பமான ஃபிளாவனாய்டுகள், புற்றுநோயின் வழியாக மருத்துவ உலகுக்குள் வந்தவை அல்ல. 1936இல் ஹங்கேரியின் செகெத் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜோர்ஜியும் இஷ்ட்வான் ரூஸ்னியாக்கும், எலுமிச்சையிலும் செம்மிளகாயிலும் இருந்த இவ்வகைப் பொருள்கள் நுண்குருதிக் குழாய்களின் கசிவைக் குறைப்பதாகக் கருதி அவற்றை வைட்டமின்களோடு சேர்த்தனர். அவ்வகைப்பாடு பின்னர் கைவிடப்பட்டது.

தைராய்டு ஆய்வில் இவை முதலில் நற்பெயரோடு நுழையவில்லை என்பதும் கருதத்தக்கது. சூடானின் தார்ஃபூர் பகுதியில், அயோடின் குறைவோடு கம்பையே முதன்மை உணவாகக் கொண்ட மக்களிடையே முன்கழுத்துக் கழலை மிகுந்திருந்ததை ஆராய்ந்த எடுவார்டோ கைட்டான் குழுவினர், கம்பிலுள்ள வைடெக்சின் முதலிய ஃபிளாவனாய்டுகள், அயோடினைக் கொண்டு ஹார்மோன் ஆக்கும் தைராய்டு பெராக்ஸிடேஸ் என்னும் நொதியைத் தடுப்பதை 1989இல் எடுத்துக்காட்டினர்.

அதே பொருள்கள் மருந்தாகக் கூடுமா என்ற வினா, அனாபிளாஸ்டிக் புற்று என்னும் கொடிய வகையை ஒட்டி எழுந்தது. தைராய்டுப் புற்றுகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றிரண்டாக மட்டுமே காணப்படும் இவ்வகையில், உயிரணுக்கள் தைராய்டுக்குரிய இயல்புகளையே இழந்துவிடுவதால் கதிரியக்க அயோடினை ஏற்பதில்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் சில மாதங்களே உயிர் வாழ்ந்தனர். 1999இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று தைராய்டுப் புற்று உயிரணு வரிசைகளில், அதாவது ஆய்வகத் தட்டுகளில் ஓயாது பெருக்கப்படும் உயிரணுக்களில், பல ஃபிளாவனாய்டுகளைச் சோதித்து, அபிஜெனினும் லூட்டியோலினும் வளர்ச்சியை வலுவாகத் தடுப்பதாக அறிவித்தனர்.

அனாபிளாஸ்டிக் வகைக்குச் சான்றாக அங்கு நின்றது ஏஆர்ஓ என்னும் வரிசை. 2008இல் ரெபெக்கா ஷ்வெப்பும் உடனாய்வாளர்களும் உலகெங்கும் புழங்கிய 40 தைராய்டு உயிரணு வரிசைகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, தனித்த அடையாளம் உடையவை 23 மட்டுமே என்பது தெரியவந்தது. ஏஆர்ஓ உண்மையில் ஹெச்டி-29 என்னும் பெருங்குடல் புற்று வரிசையாகவும், பாப்பில்லரி வகைக்குரியதாகக் கொள்ளப்பட்ட என்பிஏ, மெலனோமா என்னும் நிறமிப் புற்று வரிசையாகவும் இருந்தன. ஒரு வரிசையின் சில உயிரணுக்கள் கவனக்குறைவால் அடுத்த தட்டில் விழுந்தால், வேகமாகப் பெருகுபவை மெதுவானவற்றை அகற்றிவிடும். அனாபிளாஸ்டிக் உயிரணு எப்படியும் தைராய்டுக் குணம் இழந்ததுதானே என்பதால் அக்குணம் இல்லாமையும் ஐயத்தை எழுப்பவில்லை. அபிஜெனின் அந்த உயிரணுக்களைத் தடுத்தது பொய்யன்று, ஆயினும் தைராய்டுக்கான சான்றாக அதை இனிக் கொள்ள இயலாது.

தேனிலும் தேனீப் பிசினிலும் உள்ள கிரைசின், நாட்ச்-1 என்னும் சமிக்ஞைப் பாதையைத் தூண்டி எலிகளில் அனாபிளாஸ்டிக் கட்டிகளின் வளர்ச்சியைக் குறைத்ததாக 2013இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. ஆயினும், வாய்வழி உட்கொள்ளும் ஃபிளாவனாய்டுகளைக் குடலும் கல்லீரலும் விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுவதால், தட்டில் பயன்பட்ட செறிவு குருதியில் எட்டுவது அரிது. 2018இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற டாப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் என்னும் மருந்து இணை, பிஆர்ஏஎஃப் மரபணுவில் வி600இ என்னும் பிறழ்வு உடைய அனாபிளாஸ்டிக் நோயாளிகளுக்கு உரியது. அவ்விரண்டும் ஃபிளாவனாய்டுகள் அல்ல.