படலை கடந்த பருவம்: யாழ்ப்பாணத்து இளமையும் கல்லூரி நினைவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பிள்ளை பள்ளிப் பருவத்தைக் கடந்து இளமைக்குள் அடியெடுத்து வைக்கும் காலம், வீட்டாரின் கனவும் ஊராரின் எதிர்பார்ப்பும் ஒருங்கே குவியும் காலமாக நெடுநாள் இருந்துவருகிறது. கிணற்று நீரையும் உடல் உழைப்பையும் நம்பிய சிறு காணிகள் பெருகிவரும் குடும்பங்களுக்குப் போதாதபோது கல்வியே பிழைப்புக்கு வழியாயிற்று. ஆதலால் கல்லூரிப் படலையைக் கடப்பது பலருக்கு ஊரை நீங்குவதாகவும் அமைந்தது. அப்பருவத்தை மூத்தோர் இன்றும் வாஞ்சையோடு நினைப்பதற்கு அந்தப் பிரிவு ஒரு காரணமாகும். ஆயினும் பள்ளியில் முளைத்த தோழமை பொதுவாழ்வாக விரிந்தமையே அதனினும் ஆழமான காரணமாகும்.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டை செமினரி, மாணவர் தங்கிப் படிக்கும் உயர்கல்விக் கூடமாக இருந்து, தமிழையும் ஆங்கிலத்தையும் கணிதம், வானியல் முதலியவற்றோடு கற்பித்தது. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாயினர். அவர்களுள் தாமோதரம்பிள்ளை பின்னாளில் கலித்தொகை உள்ளிட்ட பழந்தமிழ் நூல்களை ஏட்டுச் சுவடியிலிருந்து அச்சேற்றினார். அடுத்துவந்த தலைமுறைகள் மலாயாவின் ரயில்வேக்கும் கொழும்பின் அரச அலுவலகங்களுக்கும் எழுதுவினைஞராகச் சென்றன. அவர்கள் அஞ்சல்வழி அனுப்பிய பணத்தில் வீடுகள் நிமிர்ந்தமையால், குடாநாட்டின் வாழ்க்கைமுறை ‘மணியோடர் பொருளாதாரம்’ எனப்பட்டது.

வெளியேறும் வழிகள் இவ்வாறு பெருகிய காலத்திலேயே, இளமையின் கடமை ஊரிலும் உண்டு என்று காட்டியது 1924இல் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். யாழ்ப்பாணக் கல்லூரியின் பழைய மாணவரான ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் முன்னின்று வளர்த்த இவ்வமைப்பு, பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்னும் பெயரைப் பெற்றது. நாட்டின் தன்னாட்சி, தாய்மொழிக் கல்வி, சாதி வேறுபாடு ஒழிதல் ஆகியன அதன் குறிக்கோள்களாயின. அதன் அழைப்பை ஏற்று மகாத்மா காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் சமமாக அமரும் ‘சமாசனம்’ கடும் எதிர்ப்பைச் சந்தித்த அந்நாளில், வகுப்பறையை அண்மையில் நீங்கிய இளைஞர் அதற்குத் துணைநின்றமை, பள்ளி நினைவுக்கு அறத்தின் பொருளைச் சேர்த்தது.

1970களில் வந்த தரப்படுத்தல், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குரிய புள்ளிகளை முதலில் மொழிவாரியாகவும் பின்னர் மாவட்ட அடிப்படையிலும் மாற்றியமைத்த முறை, அந்தப் பருவத்தின் நம்பிக்கையைப் பலருக்கு ஏமாற்றமாக்கியது. அக்காலத்தில், 1974இல், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பேராசிரியர் க. கைலாசபதியை முதல் தலைவராகக் கொண்டு தொடங்கிய பல்கலைக்கழக வளாகம், ஊரிலிருந்தே உயர்கல்வி பெறும் வழியைத் திறந்தது. 1990இன் பின் போரும் பொருளாதாரத் தடையும் மின்சாரத்தைப் பறித்தபோது, போத்தலின் அடியில் பஞ்சு வைத்துச் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி நூல்திரியால் எரித்த ‘ஜாம் போத்தல் விளக்கு’ உயர்தர மாணவரின் துணையாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது பாடப்புத்தகமும் சைக்கிளில் ஏறியது. அத்தலைமுறையினர் தம் இளமையை அன்போடு நினைவுகூர்வது துயரத்தை மறந்ததனால் அன்று. அரைப் போத்தல் எண்ணெயையும் ஒரே நோட்டுக் கொப்பியையும் பகிர்ந்த நட்பு அத்துயரத்தினூடே அவர்களைத் தாங்கியதனால் ஆகும்.

இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கங்கள், அந்த நட்பின் தொடர்ச்சியாகவே தத்தம் கல்லூரிகளுக்கு நிதி திரட்டி உதவுகின்றன. எனினும் சிறப்பு மலர்கள் பட்டதாரிகளையும் பதவி பெற்றோரையும் விளையாட்டு வீரரையும் போற்றும் அளவுக்கு, சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்தித் தோட்டத்துக்கும் கடலுக்கும் சென்றவரையும், போர் கவர்ந்துகொண்ட வகுப்புத் தோழரையும் பதிவு செய்வதில்லை. ஒரே வாங்கிலிருந்து எழுந்து வெவ்வேறு திசைகளில் சென்ற அனைவரும் ஒரு கல்லூரியின் பிள்ளைகளே. அவர்கள் எல்லாரையும் எழுத்தில் கொண்டுவருவது, சமாசனத்துக்காகப் போராடிய அந்த இளைஞருக்கு இன்றைய தலைமுறை செலுத்தக்கூடிய தகுந்த நன்றியாகும்.