காய்ச்சல் விட்டபின் குழறிய நா

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாப் பகுதியில், களப்பு நீர் நிலத்தைத் துண்டாடிச் செல்லும் கரையில் அமைந்துள்ள குறிஞ்சாக்கேணி, தன் பெயரிலேயே ஒரு கொடியையும் ஒரு நீர்நிலையையும் தாங்கி நிற்கிறது. குறிஞ்சா என்பது வேலிகளிலும் பற்றைகளிலும் படரும் கைப்பான கொடி. அதன் இலையை வறையாக்கி உண்பது இலங்கையில் தமிழ் பேசும் மக்களின் வழக்கம். கேணி என்பது தோண்டப்பட்ட அல்லது கட்டப்பட்ட சிறு நீர்நிலை. பாலம் புதிதாகக் கட்டப்பட்டுவந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று மாணவர்களை ஏற்றிச் சென்ற ‘பாதை’ எனப்படும் மிதவைக் கலம் கவிழ்ந்த துயரத்தால் இவ்வூரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. நீரை நம்பியும் நீருக்கு அஞ்சியும் வாழ்ந்த இத்தகைய ஊர்களின் வரலாற்றில் வெள்ளத்தையும் புயலையும் விட நெடுங்காலம் நிலைத்திருந்த ஓர் ஆபத்து உண்டு. அது மலேரியாக் காய்ச்சல். அக்காய்ச்சல் விட்டுப்போன சில வாரங்களின் பின் சிலருடைய நடையையும் நாவையும் தளரச் செய்த ஒரு பின்விளைவை இலங்கை மருத்துவர்கள் இனங்கண்டது, சிறுமூளைப் பேச்சுக்கோளாறுகளின் வரலாற்றில் இத்தீவுக்கு உரிய தனி அத்தியாயமாகும்.

கிண்ணியாவும் மூதூரும் அணைத்து நிற்கும் கொட்டியாரக் குடாவில்தான் மகாவலி கங்கை கடலைச் சேர்கிறது. அதற்கு அப்பால், குளக்கோட்டன் கட்டுவித்தான் என்று மரபு கூறும் கந்தளாய்க் குளத்தின் நீர் தம்பலகாமத்து வயல்களை நனைக்கிறது. ஆறும் குளமும் களப்பும் சூழ்ந்த இந்நிலம் ஆண்டில் சில மாதங்களே பெருமழை பெறும் உலர் வலயத்தைச் சேர்ந்தது. உலர் வலயம் என்பது அண்மைக்காலம் வரை காய்ச்சல் நாடு என்பதன் மறுபெயராகவே விளங்கியது. புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவை வந்தடைந்ததைத் தொடர்ந்து, 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ரொபர்ட் நொக்ஸ், அதே பெயர் கொண்ட கப்பல் தலைவனான தன் தந்தையுடன் உள்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டான். அங்கே இருவரையும் குளிர்காய்ச்சல் பீடித்தது. தந்தை 1661இல் இறந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத் தப்பிச் சென்ற மகன் 1681இல் வெளியிட்ட நூல், ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமுமாக வரும் அக்காய்ச்சலின் மிகப் பழைய அனுபவப் பதிவுகளுள் ஒன்றாக இருக்கிறது.

அக்காய்ச்சலின் ஒட்டுண்ணியை 1897இல் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் றொஸ் நுளம்பின் உடலுக்குள் கண்டறிந்த பின்னரே, நீருக்கும் நோய்க்கும் இடையிலுள்ள தொடர்பு தெளிவாயிற்று. 1911இல் குருநாகலில் இலங்கையின் முதல் மலேரியாத் தடை நிலையம் தோன்றியது. 1920களில் பூச்சியியலாளர் எச். எப். காட்டர் செய்த ஆய்வுகள் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பே இங்கு முதன்மைக் கடத்தி என்று காட்டின. தெளிந்த, வெயில் படும், ஓட்டமற்ற நீரை இந்நுளம்பு நாடுவதால், ஆறு வற்றி மணற்படுகையில் குட்டைகள் எஞ்சும் வறட்சிக் காலமே அதன் பெருக்கத்துக்கு வாய்ப்பாக அமைந்தது. ஆறுகள் வழக்கமாக வற்றாத தென்மேற்குப் பகுதியும் வறண்ட 1934-35இல் மூண்ட பெருந்தொற்று ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. பூச்சிகொல்லித் தெளிப்புத் தொடங்கிய பின் நோய் விரைந்து குறைந்து, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் மட்டுமே பதிவாகினர். ஆனால் கண்காணிப்பு தளர்ந்ததும் 1960களின் இறுதியில் நோய் ஐந்து இலட்சம் பேரைத் தாண்டிப் பெருகியது. 1987இல் ஆறு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். உயிருக்கு அதிக ஆபத்து விளைவிக்கும் பல்சிபாரம் வகை ஒட்டுண்ணியில் குளோரோகுயின் குளிசைக்கு அடங்காத திரிபு இலங்கையில் 1984இல் அறியப்பட்டிருந்தது. நாவைத் தாக்கிய பின்விளைவு மருத்துவ உலகின் கண்ணில் பட்டது இப்பெருக்கத்தின் நடுவிலேதான்.

அப்பின்விளைவை விளங்கிக்கொள்ளச் சிறுமூளையின் தொழிலை அறிதல் வேண்டும். பிடரிக்கு மேலே, பெருமூளையின் பின்புறத்துக்குக் கீழே அமைந்திருக்கும் சிறுமூளை, பருமனில் மூளையின் பத்தில் ஒரு பங்கே எனினும், மூளையின் நரம்பணுக்களுள் பெரும்பான்மையைக் கொண்டுள்ளது. அது தசைகளை இயக்குவதில்லை. இயங்கும் தசைகள் எப்போது தொடங்கி, எவ்வளவு விசையுடன், எப்போது நிற்க வேண்டும் என்பதைச் சீர்ப்படுத்துகிறது. பேச்சும் நடையைப் போல உடலின் தொழிலே. மூச்சு, குரல்வளை, அண்ணம், நா, இதழ் ஆகியன நொடியின் சிறு கூறுகளுக்குள் ஒன்றையொன்று அறிந்து இயங்கினால்தான் ஒரு சொல் பிறக்கும். குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்துக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று ஒலியைக் காலத்தால் அளந்து, அம்மாத்திரையைக் கண்ணிமைக்கும் பொழுதாலும் கைந்நொடிக்கும் பொழுதாலும் விளக்கிய தொல்காப்பியம், பேச்சின் அடிப்படையைக் காலக்கணக்கில் கண்டது. படு என்பதும் பாடு என்பதும் பட்டு என்பதும் காலஅளவால் வேறுபடும் மொழியில், அக்கணக்கைக் காக்கும் உறுப்புப் பழுதுபட்டால் பொருளே மயங்க இடமுண்டு.

இவ்வாறு ஒலிப்புத் தசைகளின் ஒருங்கிணைவு கெடுவதால் உண்டாகும் குழறல், சொல்லே நினைவுக்கு வராமற்போகும் மொழியிழப்பிலிருந்து வேறானது. மொழியிழப்பை 1861இல் பாரிஸ் மருத்துவர் போல் புரோக்கா பெருமூளையின் முன்பகுதியோடு தொடர்புபடுத்தினார். சிறுமூளை நோயாளியோ சொல்லை அறிவார், இலக்கணம் பிழையார், எழுதவும் முயல்வார். வாய் மட்டும் ஒத்துழைக்காது. 1860களில் பிரெஞ்சு நரம்பியலாளர் ஷார்கோ பன்முகத் தழும்பு நோயாளரிடம், செய்யுளை அசை பிரித்து அலகிடுவது போன்ற துண்டுபட்ட பேச்சைக் குறித்துரைத்தார். முதலாம் உலகப் போரில் பிடரியில் குண்டடிபட்ட படைவீரர்களைப் பிரான்சில் ஆராய்ந்த நரம்பியலாளர் கோடன் ஹோம்ஸ், காயம் சிறுமூளைக்கு மட்டுப்பட்டபோதும் பேச்சு மெதுவாகி, இழுபட்டு, இடையிடையே வெடித்தெழுவதை 1917இல் விவரித்தார். 1969இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டார்லி, அறன்சன், பிரவுண் ஆகியோர் 212 நோயாளரின் பேச்சை 38 கூறுகளாகக் கேட்டுப் பகுத்து, சிறுமூளைக் குழறலுக்குத் தனி வகைமை வகுத்தனர். எல்லா அசைகளும் ஒரே அழுத்தம் பெறுவதும், மெய்யொலிகள் ஒழுங்கின்றித் திரிவதும், குரலின் உரப்பு திடீரென மாறுவதும் அதன் அடையாளங்களாயின.

இந்த அடையாளங்களை மலேரியாவோடு இணைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் நிமால் சேனாநாயக்க. பல்சிபாரம் காய்ச்சலின் உச்சத்தில் மயக்கமும் வலிப்புமாக மூளை தாக்கப்படுவது முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆனால் அறிவு தெளிவாக இருக்க, காய்ச்சல் கண்ட சில வாரங்களுக்குள் நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, கை இலக்குத் தவறும் நோயாளரை அவர் வேறாகப் பிரித்து நோக்கி, இது மலேரியாவின் புதிய பின்விளைவோ என்னும் கேள்வியை 1987இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுப்பினார். 1994இல் எச். ஜே. டி சில்வாவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில் 74 நோயாளர் இடம்பெற்றனர். ‘தாமதித்த சிறுமூளைத் தள்ளாட்டம்’ என்று தமிழில் கூறத்தக்க இந்நிலை, ஏனைய சிறுமூளை நோய்கள் பலவற்றுக்கு மாறாக, சில மாதங்களில் தானாகவே முற்றாக நீங்கியது என்பதே அவ்வாய்வின் ஆறுதலான முடிவு. அதற்கு ஈராண்டுகள் முன், 1992இல், டி சில்வாவும் நரம்பியலாளர் ஜே. பி. பீரிசும் பிறரும் இந்நோயாளரின் குருதியில் நோயெதிர்ப்புத் தொகுதி கிளர்ந்திருந்ததைக் காட்டியிருந்தனர். ஒட்டுண்ணியை எதிர்க்க எழுந்த உடலின் படையே சிறுமூளையைத் தற்காலிகமாகத் தாக்குகிறது என்னும் விளக்கம் அதனால் வலுப்பெற்றது.

இத்தகைய நோயாளரை வைத்தியர் சோதிக்கும் முறை எளிமையானது. ‘ப-ட-க, ப-ட-க’ என்று இடைவிடாது விரைந்து சொல்லும்படி கேட்டால், இதழும் நாநுனியும் நாவின் அடியும் முறையே மாறி மாறி இயங்க வேண்டும். நலமுடையவரிடம் சீரான தாளமாக எழும் அவ்வொலி, சிறுமூளை பழுதுற்றவரிடம் ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் முட்டியும், ‘க’ வர வேண்டிய இடத்தில் மூச்சு முடிந்தும் சிதறும். குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் கால்கள் அகன்று விழும். கரைக்கும் மிதவைக்கும் இடையிலுள்ள அசையும் இடைவெளியைத் தாண்டி ஏறுவதே அன்றாட வழக்கமாக இருந்த களப்போரத்தில் இது சிறு குறைபாடன்று. மேலும், தள்ளாடும் நடையும் குழறும் பேச்சும் சேர்ந்து தோன்றினால் காண்பவர் முதலில் மதுவையே ஐயுறுவர். மது விலக்கப்பட்ட முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிண்ணியா போன்ற இடங்களில் அந்த ஐயம் நோயினும் கனமான சுமையாகும். காய்ச்சலையும் குழறலையும் ஒரே நோயின் இரு முனைகளாகக் காட்டிய அறிவு, மருந்தாக மட்டுமன்றி மானம் காக்கும் சான்றாகவும் பயன்படத்தக்கது.

நீண்ட உள்நாட்டுப் போரின் முடிவுக்குப் பின் கண்காணிப்பு வலுப்பெற்று, 2012 அக்டோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றிய மலேரியா எதுவும் பதிவாகாத நிலையில், 2016 செப்டெம்பர் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. இன்று இத்தீவில் சிறுமூளைக் குழறல் பக்கவாதம், கட்டி, சில வலிப்பு மருந்துகளின் மிகை, தலைமுறை வழியாக வரும் சிறுமூளைத் தேய்வு ஆகியவற்றால் உண்டாவதே இயல்பு. பரம்பரைத் தேய்வுகளுள் ‘முதலாம் வகை’ எனப்படுவதே இலங்கையில் மிகுதி என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன; தமிழகத்திலும் அவ்வகை மிகுந்து காணப்படும் சமூகம் ஒன்று அறியப்பட்டுள்ளது. தானாகத் தீராத இந்நோய்களில், மூச்சை அளந்து, சொல்லைப் பிரித்து, வேகத்தைக் குறைத்துப் பேசப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையே பெருந்துணை. அது நோயாளியின் தாய்மொழியிலேயே நடத்தப்பட வேண்டியது.

ஆயினும் பழைய அத்தியாயம் முற்றாக மூடப்படவில்லை. வெளிநாட்டில் தொற்றிக்கொண்டு திரும்பும் பயணிகளிடம் மலேரியா இன்னும் காணப்படுகிறது. நகர்ப்புறக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு 2016 இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்ட பின், கிணறும் கேணியும் மீண்டும் கண்காணிப்பின் எல்லைக்குள் வந்துள்ளன. சேனாநாயக்கவின் கண்டுபிடிப்பு புதிய கருவியால் பிறந்ததன்று. வாரங்களால் பிரிந்து கிடந்த காய்ச்சலையும் குழறலையும் இணைத்துக் கேட்ட ஒரு கேள்வியால் பிறந்தது. மலேரியாக் காய்ச்சலை நேரில் கண்டிராத தலைமுறை வைத்தியர்கள் பொறுப்பேற்கும் காலத்தில், நாக்குழறி வரும் ஒருவரிடம் ‘அண்மையில் எங்கே சென்றீர்கள், காய்ச்சல் கண்டதா’ என்று வினவும் அந்த வழக்கமே காய்ச்சல் நாடு தன் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற பயனுள்ள முதுசொம்.