கொற்கை முத்தும் அதன் கள்வர்களும்

காம்போஜ தேசத்துக் க்மேர் மன்னர்கள் கல்லிலே எழுப்பிய அங்கோர் நகரத்தின் வரலாற்றைப் படிக்கும் தமிழர்களுக்கு, அவ்வரசர்களோடு சோழ வேந்தர்கள் கொண்டிருந்த நட்பு நினைவுக்கு வராமல் இராது. முதலாம் ராஜேந்திரனுக்குக் காம்போஜராஜன் ஒரு தேரை அனுப்பி நேசம் பாராட்டினான் என்று கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் அந்நாட்டரசன் காணிக்கையாகக் காட்டிய அபூர்வமான கல்லொன்று தில்லைக் கோயிலில் பதிக்கப்பட்ட செய்தியை அக்கோயிற் சாசனமே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அத்தகைய சாம்ராஜ்யம் சிதைந்து, அதன் ஆலயங்களைக் காடு மூடிக்கொண்ட பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1860ஆம் ஆண்டில் ஆன்ரி முவோ என்னும் பிரெஞ்சுப் பிரயாணி அங்கே சென்று எழுதிய வர்ணனையால் ஐரோப்பாவின் கவனம் அத்திசையில் திரும்பியது. ஆராய்ச்சியாளர்கள் போன வழியிலேயே திருடர்களும் போனார்கள். 1923ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாம் நூற்றாண்டில் எழுந்த பந்தியாய் ஸ்ரீ ஆலயத்தின் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்து வந்த குற்றத்துக்காக ஆந்திரே மால்ரோ என்ற இளைஞர் கைதானார். அந்த அனுபவத்தையே கருவாக்கி 1930இல் ‘ராஜபாட்டை’ என்று பொருள்படும் நாவலை வெளியிட்ட அவர், பிற்காலத்தில் பிரான்சின் கலாசார மந்திரியாகவும் விளங்கினார். ஒரு பழம்பெரும் நாகரிகம் அழிந்த இடத்தில் சரித்திரமும் களவும் கதையும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

நம் தென்கடற்கரையிலும் அப்படிப்பட்ட ஓர் ஊர் உண்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணியின் வடகரையில், நெல்வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே, கடலோசை காதில் விழாத தூரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் கொற்கை என்னும் சிற்றூர், ஒரு காலத்தில் பாண்டியரின் தலைசிறந்த துறைமுகமாகவும், பட்டத்துக்குரிய இளவரசர்கள் வீற்றிருந்து ஆண்ட நகரமாகவும் இருந்தது. அங்கோரில் மரங்களை விலக்கியதும் கோபுரங்கள் தெரிந்தன. கொற்கையிலோ மண்ணை எவ்வளவு ஆழம் தோண்டினாலும் பெரும்பாலும் கிடைப்பவை சிப்பியோடுகளும் அறுத்த சங்கின் துண்டுகளும் பானையோடுகளுமே. ஆண்டுதோறும் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிவிட, துறைமுகம் இருந்த இடம் வயலாயிற்று. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் 1870களில் இங்கே அகழ்ந்து பார்த்து, வயல்மண்ணுக்குக் கீழே கடல் மணலும் சிப்பியும் கிடப்பதைக் கண்டு, பழைய நூல்கள் கூறும் கொற்கை இதுவே என்று உறுதி செய்தார். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் செங்கற் கட்டடப் பகுதியொன்று வெளிப்பட்டது. அங்கே எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கப்பட்டது. ஊரில் பழமையான வன்னி மரம் ஒன்று நிற்கிறது. வெற்றிவேல் அம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. அக்கசாலை என்ற பெயரைத் தாங்கிய சிறு கோயில் ஒன்றும் இருக்கிறது. அக்கசாலை என்பது பொற்கொல்லர் பணிபுரியும் இடம், நாணயச் சாலை. இந்த மூன்றையும் பார்த்து முடிக்க அரை நாழிகை போதும். அவற்றுக்கு அடியில் கிடப்பதோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட செல்வத்தின் கதை.

அந்தச் செல்வம் முத்து. கி.பி. முதல் நூற்றாண்டில் ‘எரித்திரியக் கடற்பயணம்’ என்ற கிரந்தத்தை எழுதிய, பெயர் தெரியாத கிரேக்க மாலுமி, இத்துறையைக் கொல்கை என்று குறித்து, இது பாண்டியனுக்கு உரியது என்று கூறிவிட்டு, இங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று ஒரு வாக்கியமும் எழுதி வைத்திருக்கிறான். இவ்வூரைப் பற்றி அயல்நாட்டார் எழுதியவற்றுள் என் மனத்தை மிகவும் உறுத்துவது அந்த வாக்கியமே. சங்கச் செய்யுட்களில் வரும் கொற்கைப் பரதவர், சுறா திரியும் கடலில் மூழ்கிச் சங்கும் முத்தும் எடுத்து, அத்திறமையைத் தம் குலப்பெருமையாகக் கொண்ட மக்கள். அவர்கள் காலில் விலங்கு இருந்ததாக எந்தப் புலவரும் பாடவில்லை. மாலுமி சொன்னது பொய் என்று தள்ளவும் வேண்டியதில்லை. குலத்தொழிலாகக் குளித்தவர்கள் ஒரு புறமிருக்க, அரசனுக்கே உரிய பார்களில், அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில், ஆள் போதாதபோது சிறையிலிருந்தவர்களை இறக்கியிருக்கலாம் என்று கொள்வது பொருந்தும். ரோமாபுரியிலே, தம் நாட்டுப் பொன்னெல்லாம் கீழ்த்திசை நாடுகளுக்கு ஆண்டுக்குப் பல கோடியாகப் போய்விடுகிறதே என்று பிளினி புலம்பிய அதே நூற்றாண்டில், அப்பொன்னுக்கு ஈடாகச் சென்ற சரக்கின் ஒரு பகுதியைக் கடலடியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் பெயரற்ற ஒரு கைதி.

தமிழின் ஆதி காவியமாகிய சிலப்பதிகாரத்தை ஒரு வழக்கின் வரலாறாகவும் படிக்கலாம். அரண்மனைச் சிலம்பு களவு போகிறது. களவாடிய பொற்கொல்லனே அரசனிடம் சென்று வேறொருவனைக் கள்வன் என்று காட்டிக் கொடுக்கிறான். விசாரணையின்றித் தண்டனை நிறைவேறுகிறது. பிறகு இறந்தவனுடைய மனைவி கண்ணகி சபைக்கு வந்து, சிலம்பை உடைத்து, உள்ளிருக்கும் பரலையே சாக்ஷியாக்குகிறாள். கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். பாண்டியன் தன் சிலம்பின் பரல் முத்து என்று தயக்கமில்லாமல் கூறியதற்குக் காரணம், கொற்கைத் துறை அவன் கையில் இருந்ததே. குற்றத்தைத் துப்பறிந்து வெளிப்படுத்தும் கதைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாம், பருப்பொருளைக் கொண்டே வழக்கைத் தீர்க்கும் இந்தக் காட்சியை இளங்கோவடிகள் அமைத்திருக்கும் நேர்த்தியைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். காவியம் அதோடு நிற்கவில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் மாண்ட பின், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் மதுரைக்கு வந்து அரசேற்று, கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அது கூறுகிறது. ஒருவன் செய்த களவுக்கு ஆயிரம் பேரைக் கொல்வது எந்த நியாயத்தில் அடங்கும்? முதல் அநீதிக்குக் கண்ணீர் விடும் உரையாசிரியர்கள் இரண்டாவதைச் சாந்தி என்று கூறிக் கடந்துவிடுகிறார்கள்; எனக்கு அவ்வாறு கடக்க மனம் ஒப்பவில்லை. அக்கசாலையும் வெற்றிவேல் அம்மனும் ஒரே ஊரில் இருப்பதைக் காணும்போது அந்த ஆயிரவரின் நினைவே முந்தி வருகிறது.

கொற்கை தூர்ந்த பிறகு கடலோடு சேர்ந்து துறைமுகமும் நகர்ந்து காயலுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பை விரிவாக வர்ணிக்கிறார். வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து படகுகளை அமர்த்துவதும், சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர்கள் உடன் செல்வதும், எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கும் போவதும் அவர் எழுத்தால் நமக்குத் தெரிகின்றன. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட முத்தை ராஜ்யத்துக்கு வெளியே கொண்டு போகலாகாது என்று அரசன் கட்டளையிட்டிருந்தான் என்றும், ரகசியமாகக் கடத்தினால்தான் உண்டு என்றும் அவர் சொல்கிறார். அதே பயணி அந்நாட்டு நீதியைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி சொல்கிறார்: கடன் கொடுத்தவன் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவன் வட்டத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மரண தண்டனை. அயல்நாட்டு வியாபாரி ஒருவன், தனக்குப் பணம் தராமல் இழுத்தடித்த அரசனையே குதிரைமேல் இருக்கும்போது வட்டமிட்டு நிறுத்த, அரசன் அந்தக் கோட்டை மதித்து, கடன் தீரும்வரை அசையாமல் நின்றானாம். முத்தைக் கடத்துபவனுக்கு அஞ்சிய ராஜ்யம், வட்டத்துக்குக் கட்டுப்பட்ட ராஜ்யமாகவும் இருந்தது.

1530களில் முத்துக்குளிப்பின் உரிமை குறித்து எழுந்த சச்சரவின் நடுவே பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவ சமயம் தழுவினர். 1542இல் சவேரியார் வந்தார். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். பின்னர் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆட்சி கைமாறிய போதெல்லாம் சலாபம் என்னும் முத்துக்குளிப்பின் காவலும் கைமாறியது. மூழ்குபவரின் வாழ்வில் மட்டும் பெரிய மாறுதல் இல்லை. காலில் கல்லைக் கட்டிய கயிற்றோடு இறங்கி, ஒரு நிமிஷம் அல்லது அதற்குச் சற்று மேலாக மூச்சையடக்கி, கையால் சிப்பிகளைப் பெயர்த்து வலைப்பையில் இட்டு, கயிற்றை அசைத்து மேலேறுவார்கள். மாதாவை வேண்டிப் படகேறிய கத்தோலிக்கர்களும், சுறாவைக் கட்டும் இந்துவான கடற்கட்டி கரையில் இருந்தால்தான் நீரில் இறங்கினார்கள். அவருக்கும் சிப்பியில் ஒரு பங்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும், மீதி சர்க்காருக்கும் போயின.

சர்க்கார் பங்கைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டோ இல்லையோ எவருக்கும் தெரியாது. வாங்கியவர்கள் வேலியடைத்த முற்றத்தில் சிப்பியைக் குவித்து நாட்கணக்கில் அழுகவிட்டு, ஈயும் புழுவும் மொய்த்துச் சதை கரைந்த பின், தோணி போன்ற தொட்டிகளில் கடல்நீர் விட்டுக் கழுவுவார்கள். களவின் அரங்கம் இதுதான். கழுவுகிறவர்கள் கையை நீரிலிருந்து வெளியே எடுத்து வாயருகே கொண்டு போகாதபடி காவலர் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். விழுங்கினால் முத்து வயிற்றில் மறைந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், மன்னார் வளைகுடாவின் அக்கரையில் நடந்த குளிப்பைப் பார்த்து எழுதப்பட்ட குறிப்பொன்று, கூலிகள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு, ஒருவன் வேண்டுமென்றே அகப்பட்டு அடிபடுவான் என்றும், காவலர் அவன்மேல் பாய்ந்திருக்கும் சமயத்தில் நல்ல முத்தோடு மற்றவன் நழுவுவான் என்றும், அடிபட்டவனுக்கு அதில் பங்கு உண்டு என்றும் சொல்கிறது. கதாசிரியர் எவரும் கற்பனை செய்ய வெட்கப்படத் தேவையில்லாத உபாயம் அது. அதற்குத் தூண்டியது பசி.

கழுவி எடுத்த முத்தைத் தரம் பிரிப்பது தனிக் கலை. ‘பெட்டி’ என்று வழங்கும் பித்தளைச் சல்லடைகள் 10. முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000 துளை. ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து அளவு பிரித்த பின், உருவமும் ஒளியும் பார்த்து ஆணி, வடிவு, கலிப்பு, குறள், தூள் என்று இனம் குறித்து, மஞ்சாடி எடையில் நிறுத்து, ‘செவ்வு’ என்னும் கணக்கால் விலை கட்டுவார்கள். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த சாசனங்களிலும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து என்று இத்தகைய வகைப்பாடு காணப்படுகிறது. நகைகளில் கோத்த முத்துக்களை எண்ணி, நிறுத்து, இனம் பிரித்துக் கல்லில் பொறித்த அம்மன்னனின் எண்ணத்தில் பக்தியோடு எச்சரிக்கையும் கலந்திருந்தது: பிற்காலத்தில் ஒரு முத்துக் குறைந்தாலும் கல் காட்டிக் கொடுக்கும்.

மேல்நாட்டுக் கதாசிரியர்களும் முத்தை விடவில்லை. ஜூல் வெர்னின் கடலடி நாவலில், நீமோ கப்பல் தலைவன் மன்னார் வளைகுடாவில் சுறாவிடமிருந்து ஓர் ஏழைக் குளியாளைக் காப்பாற்றி, அவன் கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துச் செல்கிறான். கோனான் டாயில் 1890இல் வெளியிட்ட ‘நால்வர் குறி’யில் ஆண்டுக்கொன்றாக ஒரு பெண்ணுக்கு வந்து சேரும் முத்துக்களே ஷெர்லக் ஹோம்ஸை இந்தியப் புதையலின் கொலைக் கதைக்கு இழுத்துச் செல்கின்றன. தமிழில் சாண்டில்யன், ஜடாவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தைக் களமாகக் கொண்டு எழுதிய ‘ராஜ முத்திரை’யில், கொற்கை முத்துக்கள் களவு போவதையே ஒரு போரின் வித்தாக்கினார். இவற்றுள் வெர்ன் ஒருவரே குளித்தவனின் முகத்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தவர். மற்றவர்களுக்கு முத்து யார் கழுத்தில் இருந்தது, யார் எடுத்தார் என்பதே கதை.

27 ஆண்டுகள் சிப்பி விளையாமல் கிடந்த பின், 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது, அதுவே கடைசி. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் இங்கே வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். முத்துக் குளித்த குடும்பங்களோ சங்கு குளிப்பதற்கும் மீன்பிடித் தொழிலுக்கும் திரும்பிவிட்டன. அக்கடற்கரையின் மைந்தரான ஜோ டி குருஸ், ‘கொற்கை’ என்ற பெயரிலேயே பரதவர் வாழ்வைப் பெருநாவலாக எழுதி, 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி பரிசைப் பெற்றார். கடலின் பக்கம் நின்று எழுதப்பட்ட நூல் அது. அதைப் போன்று இன்னும் பல வேண்டும். 1961இல் இருபது வயதில் தோலாயிரம் பாரில் கல் பிடித்து இறங்கியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். கடற்கட்டியைப் பற்றியும், பார்களின் பெயர்களைப் பற்றியும், காவலர் கண்ணில் மண் தூவியவர்களைப் பற்றியும் அவர்களிடம் நேரில் கேட்டு எழுதிக்கொள்வதற்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.