பெயரெழுதிய படங்கள்

கலவரம் நடந்த சேரிக்கு உண்மை அறியும் குழு போகிறது. எத்தனை வீடு, எத்தனை மாடு, எத்தனை சவரன், எத்தனை பேருக்கு வெட்டு என்று எழுதிக்கொண்டு வருகிறோம். தேவைதான். வழக்கும் நிவாரணமும் அந்தக் கணக்கை வைத்துத்தான் நகரும். ஆனால் கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்த எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தத் தாளில் இடமில்லை. 'சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும், மறந்துடும்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பிள்ளைகள் மறப்பதில்லை. பேச்சு நின்றுபோகிறது, அவ்வளவுதான். பேச்சு நின்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை செய்த ஒரு பெண்ணின் வரலாறு நம்மவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஃப்ரீடல் டிக்கர் 1898இல் வியன்னாவில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா சின்ன வயதிலேயே இறந்துபோனார். அப்பா காகிதமும் பென்சிலும் விற்கும் கடையில் வேலை பார்த்தவர். ஃப்ரீடல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தார். கம்யூனிஸ்ட். 1934இல் வியன்னாவில் கைதாகிச் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் பிராக் நகரத்துக்குப் போய், நாஜிகளுக்குத் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தந்தார். 1936இல் பாவெல் பிராண்டைசை மணந்தார்.

1942 டிசம்பரில் இருவரையும் டெரசினுக்கு அனுப்பினார்கள். பிராக்கிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள பழைய கோட்டை ஊர் அது. 1941 நவம்பரிலிருந்து நாஜிகள் அதை யூதர்களை அடைக்கும் கெட்டோ ஆக்கியிருந்தார்கள். கெட்டோ என்றால் மதில் சூழ்ந்த சேரி என்று நாம் சட்டெனப் புரிந்துகொள்வோம். ஆனால் அந்த ஊரிலிருந்து கிழக்கே ரயில் போய்க்கொண்டிருந்தது. அங்கே அடைக்கப்பட்ட சுமார் 1,40,000 பேரில் ஏறத்தாழ 33,000 பேர் பசியிலும் நோயிலும் அங்கேயே செத்தார்கள். 88,000 பேர் வரை ஆஷ்விட்ஸ் போன்ற கொலைக்களங்களுக்கு ஏற்றப்பட்டார்கள்.

கையில் எடுத்துப்போக அனுமதித்தது ஆளுக்கு 50 கிலோ. அதில் தாளையும் வர்ணத்தையும் வைத்துக்கொண்டு போனார் ஃப்ரீடல். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த அங்கே தடை. படம் வரைவதைக் கண்டும் காணாமல் விட்டார்கள். கொண்டுபோன தாள் தீர்ந்ததும் ஆபீஸ் படிவங்களின் பின்பக்கத்திலும் பொட்டலம் கட்டும் தாளிலும் பிள்ளைகள் வரைந்தார்கள். முதலில் கை பழக, தாளத்துக்குக் கோடு இழுக்கும் பயிற்சி. பிறகு அவரவர் மனசுக்குப் பட்டது. அடுக்குக் கட்டிலும் சோற்றுக்கு நின்ற வரிசையும் சிலரின் தாளில் வந்தன. நிறையப் பேரின் தாளில் பூவும் பட்டாம்பூச்சியும் பழைய வீட்டுச் சாப்பாட்டு மேசையும் வந்தன. எதை வரைந்தாலும் கீழே சொந்தப் பெயரை எழுதச் சொன்னார். மனுசரை எண்ணாக்கி வண்டியில் ஏற்றிய இடத்தில் ஒரு பிள்ளை தன் பெயரைத் தன் கையால் எழுதுவது சாதாரண காரியமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடப்படாத தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே டெரசினில் ஹெல்கா வைசோவா என்ற பன்னிரண்டு வயதுப் பெண் இருந்தாள். முதலில் ஒரு பனிப்பொம்மையை வரைந்து, தனியாக அடைக்கப்பட்டிருந்த அப்பாவுக்கு அனுப்பினாள். கண்ணால் பார்ப்பதை வரை என்று அப்பா பதில் எழுதினார். அதற்குப் பிறகு அவள் வரைந்ததெல்லாம் சாட்சியம். தெருவில் பிணவண்டி, மூட்டையோடு வந்து இறங்கும் சனம். அவள் பிழைத்து வந்து ஓவியரானாள். அப்பா திரும்பவில்லை.

இந்த இரண்டு வழிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தலித் எழுத்து என்றாலே அழுகையையும் வலியையும் மட்டும் எதிர்பார்க்கும் ஒரு பொதுப்புத்தி இங்கே இருக்கிறது. நம் ஆட்களிடமும் இருக்கிறது. வீடுகள் கொளுத்தப்பட்ட ஒரு காலனியில் சில மாதம் மாலை வகுப்பு நடத்தினோம். கலர் பென்சிலைக் கொடுத்ததும், 'அன்னைக்கு நடந்தத வரைங்கடா, பத்திரிகைக்கு அனுப்பலாம்' என்றார் கூட இருந்த தோழர். ஒருத்தி மட்டும் ஒரு மாட்டை வரைந்து கொம்புக்கு நீலம் பூசினாள். 'இதுவாம்மா நடந்தது?' என்று கேட்டார். 'இது எங்க மாடு' என்றாள். அந்த ராத்திரிக்குப் பிறகு அந்த மாடு வீடு திரும்பவில்லை.

பிள்ளைகளின் கலையைப் பெரியவர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பதற்கும் டெரசின்தான் சாட்சி. 1944 ஜூன் 23இல் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தார்கள். நாஜிகள் சுவருக்கு வெள்ளையடித்து, செடி நட்டு, 'புருண்டிபார்' என்ற இசை நாடகத்தைப் பிள்ளைகளைக்கொண்டு நடத்திக் காட்டினார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த இலையுதிர்காலத்திலேயே நடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அதை இயற்றிய ஹான்ஸ் கிராசாவும் அனுப்பப்பட்டார்.

செப்டம்பர் கடைசியில் பாவெலை ஏற்றினார்கள். ஃப்ரீடல் தானாகக் கேட்டு அடுத்து வந்த வண்டியில் போனார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பாவெல் பிழைத்தார். பிள்ளைகளின் படங்கள், சுமார் 4,500, இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. 1945 ஆகஸ்டில் அவை பிராக் யூதச் சமூகத்திடம் வந்து சேர்ந்தன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. பெயர் இருக்கிறது.

கொல்லப்பட்ட பிள்ளைகளிடம் காயம் ஆறியது என்று பேச நமக்கு உரிமையில்லை. கத்தி உள்ளே இருக்கும்வரை எந்தக் காயமும் ஆறாது. ஆனால் அந்த வகுப்பின் ஒரு மணி நேரத்துக்குக் கோடும் வர்ணமும் அந்தப் பிள்ளையின் பேச்சைக் கேட்டன. ரயிலும் சோறும் காவலும் எதுவும் அவள் கையில் இல்லாத இடத்தில் அந்தத் தாள் அவள் கையில் இருந்தது.

இந்த வழி ஃப்ரீடலோடு முடியவில்லை. அவரிடம் படித்து, பிராக்கில் அகதிப் பிள்ளைகளின் வகுப்பில் கூடமாட உதவிய எடித் கிராமர் 1938இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1950களில் வில்ட்விக் என்ற சிறுவர் பள்ளியில் வேலை செய்தார். நீதிமன்றமும் அரசும் 'கெட்ட பையன்கள்' என்று அனுப்பிவைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் ஏராளம். அவர்களோடு வேலை செய்த அனுபவத்தை 1958இல் புத்தகமாக்கினார். படத்தைப் பார்த்து நோய் கண்டுபிடிப்பதைவிட, வரைகிற வேலையே பிள்ளையை ஆற்றும் என்பது அவர் கட்சி. ஓவிய ஆற்றுப்படுத்தல் என்று இன்று கல்லூரிகளில் படிக்கும் துறைக்கு அடிபோட்டவர்களில் அவர் ஒருவர். 2014இல் இறந்தார். அகதியும் கம்யூனிஸ்டுமான ஒருத்தி தொடங்கிய வேலை ஹார்லெம் பையன்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது நம்மிடமும் வரலாம்.

கீழவெண்மணி 1968, விழுப்புரம் 1978, கொடியன்குளம் 1995, தர்மபுரி நத்தம் 2012. இங்கெல்லாம் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் வளர்ந்தும்விட்டார்கள். இனி மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் தாளையும் பென்சிலையும் நிவாரணச் சாமானோடு எடுத்துப் போங்கள். என்ன வரைய வேண்டும் என்று சொல்லாதீர்கள். கேட்காமல் கண்காட்சிக்கு எடுத்து வராதீர்கள். வரைந்து முடித்ததும், 'பேரெழுதும்மா' என்று மட்டும் சொல்லுங்கள்.